வலமிருந்து வைத்த நான்கு பட்டன்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்களாக மனதுக்குள்ளேயே வைத்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவள் கம்ப்யூட்டரைப் பற்றி எழுத வந்துவிட்டாளா என்று யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று கூச்சம். வீட்டுக்காரருடைய உடம்பு சமாச்சாரத்தை ஊர் முழுக்கச் சொல்வதா என்று ஒரு தயக்கம். போன வாரம் அவரே விடியற்காலையில் சுபுஹு தொழுதுவிட்டு வந்து டீயை உறிஞ்சிக்கொண்டே, "எழுதேன் புள்ள. யாருக்காச்சும் ஒதவும்" என்றார். சரி, அவரே சொல்லிவிட்டார். பிஸ்மில்லாஹ் சொல்லித் தொடங்குகிறேன்.

எங்கள் வீடு பூந்தமல்லியில், பள்ளிவாசலுக்குப் பின்னால் போகிற சந்தில் மாடிப் போர்ஷன். என் தாய்வீடு ஆவடி. படிப்பை நிறுத்திய பிறகு அங்கே டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் லோயர் மட்டும் முடித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு அதெல்லாம் மறந்துபோனது. மாலையில் சந்துப் பிள்ளைகளுக்கு அலிஃப், பே சொல்லிக்கொடுத்து ஓத வைப்பேன். எங்கள் பிள்ளைகள் இரண்டு பேரும் வெளியூரில் குடும்பமாகிவிட்டார்கள். வீட்டில் நானும் அவரும்தான்.

அவருக்கு சென்னீர்குப்பத்தில், ஹைவேயை ஒட்டின ஒரு குடோனில் வேலை. லாரிக்கு வேண்டிய உதிரி பாகங்கள் வைக்கிற இடம். வருகிற லோடையும் போகிற லோடையும் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற ஆள் உட்காருகிற சீட்டு அவருடையது. அந்த புரோகிராம் ரொம்பப் பழையது. கருப்புத் திரையில் எழுத்து மட்டும்தான் தெரியும், படம் கிடையாது, மவுஸ் கிடையாது. முதலில் அதற்கென்றே தனியாக ஒரு பெட்டி இருந்ததாம். அந்தப் பெட்டி பழுதாகிப்போனதும், அதைப் போலவே நடிக்கிற ஒரு புரோகிராமைச் சாதாரணக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொடுத்தார்கள். டெர்மினல் எமுலேட்டர் என்று அதற்குப் பெயர். இந்தப் பெயரைச் சொல்லிப் பழகவே எனக்கு நாளாகிவிட்டது. செத்துப்போன பெட்டியின் வேலையை வேறொன்று அதன் வேஷத்தில் செய்துகொண்டிருக்கிறது என்று அவர் சொன்னபோது எனக்கு என்னவோ கண்ட கனவைத் திரும்பக் காண்பது போல இருந்தது.

பிறகு அவருக்கு பக்கவாதம் வந்தது. தொழுகைக்காகக் கைகால் கழுவி ஒழு செய்துகொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். ரப்புல் ஆலமீன் உயிரைக் கொடுத்தான், பேச்சையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுத்தான், காலையும் கொடுத்தான். வலது கை மட்டும் வரவில்லை. காட்டுப்பாக்கத்தில் பயிற்சி கொடுக்கிறவரிடம் ஷேர் ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போவேன். தோள் அசைந்தது, முழங்கை அசைந்தது. விரல்கள் தூங்குகிற குழந்தையின் விரல்களைப் போலக் கிடந்தன.

சாப்பாட்டை இடது கையால் தொடமாட்டேன் என்றார். நான் ஊட்டினேன். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் வாயைத் திறக்கும்போது அவர் கண்ணை மூடிக்கொள்வார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நோன்பு தொடங்குவதற்கு முன்பு குடோன் முதலாளி வீட்டுக்கு வந்து பார்த்தார். நல்ல மனிதர், சுற்றி வளைக்கத் தெரியாதவர். "பாய், பெருநாள் முடிஞ்சு வாங்க. ஒரு லோடு நீங்களே ஏத்திக் காட்டுங்க. முடிஞ்சா சீட்டு உங்களது. முடியலைன்னா நான் வேற ஆள் பாத்துக்கறேன், தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். அவர் படியிறங்கிப் போன பிறகு இவர் வெகுநேரம் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தச் சீட்டு போனால் இவர் எழுந்திருக்கமாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

குடோனில் இவருக்கு ஒரு சிநேகிதர். ரேக்கிலிருந்து சாமான் எடுத்துக்கொடுக்கிறவர். இவர் ஜும்ஆவுக்குப் போகிற நேரத்தில் சீட்டில் உட்கார்ந்து, புரோகிராமையும் கொஞ்சம் பழகியிருந்தார். முதலாளியிடம் கேட்டு ஒரு லேப்டாப்பையும், இவர் வழக்கமாகத் தட்டுகிற கீபோர்டையும் தூக்கிக்கொண்டு வந்தார். பழகுவதற்கென்று அந்த புரோகிராமில் தனியாக ஓர் இடம் உண்டாம். அதில் என்ன ஏற்றினாலும் நிஜக் கணக்கில் சேராது.

"இன்னா பாய், மாப்ள மாரி படுத்துகினு கீற? எய்ந்து ஒக்காரு. சோத்தாங்கை ரெஸ்டு எடுக்கட்டும், பீச்சாங்கைய வேலைக்கு அனுப்பு" என்றார்.

"பீச்சாங்கையால பிஸ்மில்லா சொல்றதா?" என்றார் இவர், முகத்தைத் திருப்பிக்கொண்டு.

"நீ வாயால சொல்லு பாய். கை அது பாட்டுக்குத் தட்டிகினு போது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டு கையும் அவன் கொடுத்ததுதானே, ஒக்காருங்க" என்றேன். உட்கார்ந்தார்.

இங்கே அந்த நான்கு பட்டன்களைப் பற்றிச் சொல்லிவிடவேண்டும். கீபோர்டின் வலது ஓரத்தில் நம்பர்கள் தனியாக ஒரு கட்டமாக இருக்கும் அல்லவா, அதன் மேல் வரிசையில் நான்கு பட்டன்கள். அந்த புரோகிராமில் எல்லாமே அந்த நான்கில்தான் இருந்தது. முதலாவது, அடித்த வரியை ஏற்றிக்கொள்ளும். இரண்டாவது முந்தின வரிக்கும் மூன்றாவது அடுத்த பக்கத்துக்கும் கொண்டுபோகும். நான்காவது, எதுவும் வேண்டாம் என்று முழுப் பக்கத்தையும் அழித்துவிடும். இவர் வலது கையை அதன் மேல் வைத்தால் ஆள்காட்டி விரல் முதலாவதிலும் சுண்டுவிரல் நான்காவதிலும் தானாகப் போய் உட்காரும். திரையிலிருந்து கண்ணை எடுக்கவே மாட்டார் என்று சிநேகிதர் சொன்னார்.

இப்போது இடது கை. சாமானின் எண்களை மேல்வரிசை நம்பர்களில் மெதுவாகத் தட்டிவிட்டார், தப்பில்லாமல். பிறகு உடம்பை வளைத்து இடது கையை வலது ஓரத்துக்குக் கொண்டுபோய் ஒரு பட்டனைத் தட்டினார். பக்கம் அழிந்தது. மறுபடி அடித்தார், மறுபடி தட்டினார். மறுபடி அழிந்தது. கருப்புத் திரை மட்டும் இருந்தது, அதில் ஒரு சின்னக் கட்டம் விட்டு விட்டு மினுங்கிக்கொண்டிருந்தது.

"ஏத்துற பட்டன் எதுங்க? பாத்துத் தட்டுங்களேன்" என்றேன்.

அவர் கீபோர்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "தெரியல புள்ள. கைக்குத்தான் தெரியும். எனக்குத் தெரியாது."

சிநேகிதர் பட்டனைத் தொட்டுக் காட்டினார். பார்த்துத் தட்டினால் சரியாக வந்தது. கண்ணைத் திரைக்குக் கொண்டுபோன உடனே தப்பாகிவிட்டது. அதுவும் தப்பு என்றால் வேறு எந்தத் தப்பும் இல்லை, எப்போதும் அழிக்கிற பட்டன்தான். இவர் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "மூளையும் போயிடுச்சு. கையோட சேத்து மூளையும் எடுத்துக்கிட்டான். விடு புள்ள, எடுத்துனு போகச் சொல்லு" என்றார்.

நான் எடுத்துக்கொண்டுபோகச் சொல்லவில்லை.

ரமலான் பகல்கள் எப்படி இருக்கும் என்று நோன்பு வைக்கிறவர்களுக்குத் தெரியும். மத்தியானத் தொழுகை லுஹருக்குப் பிறகு உடம்பு லேசாகிவிடும். ஹைவேயில் போகிற லாரிச் சத்தம் எங்கோ தண்ணீருக்கு அடியில் கேட்பது போலக் கேட்கும். அவருக்குச் சோறு ஊட்டி, மாத்திரை கொடுத்து, அவர் கண் அசந்த பிறகு லேப்டாப்பின் முன்னால் உட்கார்ந்துகொள்வேன். ஜன்னல் திரை காற்றில் உப்பி அடங்கும். வெயில் தரையில் நகர்ந்து நகர்ந்து என் காலைத் தொடும். யா அல்லாஹ், இந்தப் பெட்டி என்ன நினைக்கிறது என்று எனக்குக் காட்டு என்று கேட்டுக்கொண்டு பட்டன்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பேன்.

என் எண்ணம் இதுதான். உடம்பை வளைத்து வலது ஓரத்துக்குப் போவதால்தான் அவருக்குத் தப்பு வருகிறது. அந்த நான்கு பட்டன்களின் வேலையையும் இடது கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டால் சரியாகிவிடும். பட்டனைப் பிடுங்கி நட முடியாது. ஆனால் நடிக்கிற புரோகிராம்தானே, இந்தப் பட்டன் அந்தப் பட்டனைப் போல நடிக்கட்டும் என்று அதனிடம் சொல்ல முடியாதா?

முதலில் லேப்டாப்பின் மேல்வரிசையில் இடது பக்கம் எஃப் போட்ட ஒரு பட்டனைத் தட்டிப் பார்த்தேன். திரையின் வெளிச்சம் மங்கியது. இன்னொரு தடவை தட்டினேன், இன்னும் மங்கியது. கெடுத்துவிட்டேன் என்று பயந்துபோனேன். அது லேப்டாப்புக்குச் சொந்தமான வேறு வேலை என்றும், குடோன் கீபோர்டில் அந்தத் தொல்லை இல்லை என்றும் பிறகுதான் புரிந்தது.

அப்புறம் ஒரு நாள், பெயர் கேட்டுக்கொண்டு நிற்கிற முதல் திரையில் வலது ஓரத்து நான்கு பட்டன்களையும் வரிசையாகத் தட்டினேன். வேலை எதுவும் நடக்கவில்லை. அதற்குப் பதிலாக எழுத்து வந்தது. தொப்பி போல ஒரு குறி, ஓர் அடைப்பு, ஓ என்ற எழுத்து, அதன் பிறகு பி. அடுத்த பட்டனுக்கு அதே தொப்பி, அதே அடைப்பு, அதே ஓ, பிறகு க்யூ. அடுத்ததற்கு ஆர். கடைசிக்கு எஸ். பி, க்யூ, ஆர், எஸ். நான் படித்த ஏபிசிடியில் இருக்கிற அதே வரிசை. அந்த மத்தியானத்தில் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது, பூட்டின வீட்டுக்குள் யாரோ மெல்லப் பேசுகிற சத்தம் கேட்டது போல இருந்தது. பட்டனுக்குள் இருந்த பெயர் இதுதானா! அவருடைய விரலுக்கு மட்டும் தெரிந்திருந்ததை இப்போது நானும் தெரிந்துகொண்டேன்.

மெனுக்களை எல்லாம் திறந்து திறந்து பார்த்ததில் பட்டன்களை மாற்றி வைக்கிற பக்கம் கிடைத்தது. ஒரு பக்கம் தட்டுகிற பட்டன், எதிரில் அது அனுப்பவேண்டிய எழுத்து. குடோன் கீபோர்டில் இடது கைக்கு நேர் மேலே எஃப் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நான்கு பட்டன்கள் உண்டு. அவற்றில் பி, க்யூ, ஆர், எஸ் நான்கையும் வைத்தேன். மூடித் திறந்தால் எல்லாம் பழையபடி ஆகியிருந்தது. மறுநாளும் வைத்தேன், மறுநாளும் போயிற்று. மாற்றினதைப் பத்திரப்படுத்தச் சொல்லித் தனியாக ஒரு தடவை சொல்லவேண்டும் என்பது தெரிய இன்னும் ஒரு மத்தியானம் ஆனது.

நான் செய்த தப்பு எனக்கு அப்போது தெரியவே தெரியாது. முதல் எழுத்தான பி-யை நான் வலது கோடியில், எஃப் நான்கில் வைத்திருந்தேன். அதற்கு இடப்பக்கம் க்யூ, அடுத்து ஆர், இடது கோடியில் எஸ். ஏன் அப்படி வைத்தாய் என்று யாராவது அப்போதே கேட்டிருந்தால், வேறெப்படி வைப்பது என்று கேட்டிருப்பேன். செருப்புப் போடுவது வலதில் ஆரம்பம், பந்தியில் தட்டு வைப்பது வலதில் ஆரம்பம், பிள்ளைகள் அரபி எழுத்தில் விரல் வைத்து ஓதுவது வலதில் ஆரம்பம். பிஸ்மில்லாஹ் சொல்லி முதலாவது என்று ஒன்றைக் கையில் எடுத்தால் என் கை வலது பக்கத்துக்குத்தான் போகும்.

சாயங்காலத் தொழுகை அஸருக்குப் பிறகு அவரை எழுப்பி உட்காரவைத்தேன். "இனிமே அந்தப் பக்கம் வளையவேணாம். நாலும் இங்கயே இருக்கு. கைய மட்டும் வைங்க" என்று அவருடைய இடது கையை நான்கு பட்டன்களின் மேல் வைத்தேன். எது எந்தப் பட்டன் என்று நான் சொல்லவில்லை. சொல்லத் தோன்றவும் இல்லை. அவர் ஒரு வரியை அடித்தார். கண் திரையில் இருந்தது. உதடு பிஸ்மில்லாஹ் என்று அசைந்தது. ஆள்காட்டி விரல் இறங்கியது.

வரி ஏறியது.

அவர் நம்பவில்லை. இன்னொன்று அடித்தார். ஏறியது. முந்தின வரிக்குப் போனார், திரும்பினார், அடுத்த பக்கம் போனார். எங்கும் நிற்கவில்லை. சந்துப் பிள்ளைகள் ஓத வந்து வாசலில் செருப்பை விட்டுக்கொண்டிருந்தார்கள். போய் நாளைக்கு வாங்க என்று அனுப்பிவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நோன்பு திறக்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் சிநேகிதர் வந்தார். பள்ளிவாசல் கஞ்சி என்றால் அவருக்கு உயிர். ரமலான் முழுக்க வேலை முடிந்து போகிறபோது எங்கள் வீட்டில் ஒரு டம்ளர் குடிக்காமல் போகமாட்டார். இவர் தட்டுவதைப் பார்த்து, "அடி தூள்! பாய், நீயாடா இது?" என்று கூவினார். பிறகு குனிந்து, மாற்றின பக்கத்தைத் திறந்து பார்த்தார்.

"அக்கா, இன்னாக்கா இது? தலகீயா போட்டுகீற! எஃப் ஒன்னுல இல்ல மொத பட்டன் வரணும்? நாலுல போயி வெச்சிகீற?"

எனக்கு முகம் சுருங்கிப்போனது. "தப்பாங்க?"

"தப்புன்னா... மாத்திப் போட்டா முடிஞ்சிது. ஆபீஸ்ல பாத்தா சிரிப்பாங்கோ. இரு, நானே சரி பண்றேன்." எஃப் ஒன்றில் பி, இரண்டில் க்யூ, மூன்றில் ஆர், நான்கில் எஸ் என்று வரிசையாக மாற்றி வைத்தார். "இப்ப அடி பாய்."

இவர் ஒரு வரி அடித்துவிட்டுத் தட்டினார். பக்கம் அழிந்தது.

இன்னொரு தடவையும் அழிந்தது. இவர் கையை ஊன்றி எழுந்தார். உள்ளே போய்ச் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். சிநேகிதர் கஞ்சி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல் நின்றார். "நா இன்னாக்கா பண்ணேன்? சரியாத்தான வெச்சேன்?" என்று மெதுவாகக் கேட்டார்.

பாங்கு சொன்னார்கள். பேரீச்சம்பழத்தால் நோன்பைத் திறந்தேன், தண்ணீர் குடித்தேன், முசல்லாவை விரித்தேன். தொழுதேன் என்றுதான் பெயர். மனம் அந்த அழிந்த திரையிலேயே இருந்தது, அல்லாஹ் மன்னிக்கவேண்டும். முடித்து துஆவுக்குக் கையேந்தினேன். ஏந்தின இரண்டு கைகளையும் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாள் முழுக்கப் பசித்த கண்ணுக்கு அந்தக் கைகள் யாருடையதோ போலத் தெரிந்தன. சுண்டுவிரலும் சுண்டுவிரலும் நடுவில் ஒட்டிக்கொண்டிருந்தன. அங்கிருந்து ஒரு கை இந்தப் பக்கமாகவும் இன்னொரு கை அந்தப் பக்கமாகவும் போயின. இங்கே மோதிரவிரல், அங்கேயும் மோதிரவிரல். இங்கே ஆள்காட்டி, அங்கேயும் ஆள்காட்டி. இரண்டும் ஒரே கைதான். ஆனால் எதிரும் புதிருமாகப் போகிற கை.

அப்போது எங்கிருந்தோ ஆவடி இன்ஸ்டிட்யூட்டின் மெஷின் சத்தம் கேட்டது. இத்தனை வருடம் மறந்தே போயிருந்த முதல் பாடம். இடது கைக்கு ஏ, எஸ், டி, எஃப். வலது கைக்கு செமிகோலன், எல், கே, ஜே. வலது கையைக் கோடியிலிருந்து உள்ளே வரச் சொல்லித்தான் கற்றுக்கொடுத்தார்கள். சுண்டுவிரலுக்குச் சுண்டுவிரல், ஆள்காட்டிக்கு ஆள்காட்டி.

துஆவை எப்படி முடித்தேன் என்று நினைவில்லை. வெளியே வந்து சிநேகிதரிடம், "நீங்க சரியாத்தான் வெச்சீங்க, அதான் அவருக்கு வரல. மறுபடி தலைகீழாவே வைங்க" என்றேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். நான் என் இரண்டு கைகளையும் மேஜையின் மேல் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினேன். "அவரு வலது கையில ஆள்காட்டி விரல்தான் ஏத்தும், சுண்டுவிரல்தான் அழிக்கும். இடது கைய வெச்சா ஆள்காட்டி விரல் எந்தக் கோடியில வருது பாருங்க." அவர் தன் கைகளை வைத்துப் பார்த்தார். மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். "அட இன்னாடா இது" என்றார். கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு, பட்டன்களை நான் வைத்தபடியே திருப்பி வைத்தார்.

உள்ளே போய் இவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "ஒங்க மூளை எங்கயும் போகல" என்றேன். "ஆள்காட்டி விரலத் தட்டுன்னு அது சரியாத்தான் சொல்லிட்டிருந்துச்சு. கையும் அது சொன்ன பேச்சக் கேட்டுச்சு. பட்டன்தான் மாறி இருந்துச்சு. வந்து பாருங்க."

முதுகு அசையவில்லை. பிறகு சுவரைப் பார்த்தபடியே, இடது கையை மேலே தூக்கி விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்ப்பது தெரிந்தது. எழுந்து வந்தார். ஒரு வரி அடித்தார். பிஸ்மில்லாஹ் என்று இந்த முறை காதில் விழும்படி சொன்னார். ஏறியது.

"பாய், கஞ்சி ஆறுது" என்றார் சிநேகிதர்.

"ஊட்டு புள்ள, கை வேலையா இருக்கு" என்றார் இவர், திரையைப் பார்த்துக்கொண்டே. நான் ஊட்டினேன். அன்றைக்கு அவர் கண்ணை மூடிக்கொள்ளவில்லை.

பெருநாள் முடிந்து குடோனுக்குப் போனோம். சிநேகிதர் முன்கூட்டியே எங்கள் பட்டன் ஏற்பாட்டை அங்கிருந்த கம்ப்யூட்டரில் போட்டு, எஃப் பட்டன்களின் மேல் 4, 3, 2, 1 என்று சீட்டும் ஒட்டி வைத்திருந்தார். வெளியே லாரி ஒன்று சாமான் இறக்கிக்கொண்டிருந்தது. நான் எண்ணெய் வாசனையும் தூசியும் அடிக்கிற ரேக்குகளுக்கு நடுவில், ஒரு ஸ்டூலில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்து ஸலவாத்து ஓதிக்கொண்டிருந்தேன். சிநேகிதர் எண் சொல்லச் சொல்ல இவர் ஏற்றினார். மெதுவாகத்தான். நடுவில் ஒரு தடவை கை நின்றது. என் ஸலவாத்தும் நின்றது. எண்ணை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார், அவ்வளவுதான். லாரி காலியாகி, கடைசி வரியும் ஏறி, அழிக்கிற பட்டன் ஒரு தடவையும் படாமல் முடிந்தது.

முதலாளி கீபோர்டைக் குனிந்து பார்த்துவிட்டு, "என்ன பாய், எல்லாம் தலைகீழா இருக்கு?" என்றார்.

"நானும் தலைகீழா ஆயிட்டேன் சார். இப்ப ரெண்டும் ஒத்துப்போச்சு" என்றார் இவர்.

முதலாளி சிரித்துவிட்டு, "நாளைலேர்ந்து வாங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். சிநேகிதர் மட்டும் தலையில் கைவைத்துக்கொண்டார். "வெள்ளிக்கெயம ஜும்மாக்கு நீ போனா, இந்த சீட்ல ஒக்காந்து நா இன்னாத்த தட்றது பாய்?" அதற்குப் பிறகு அவர் அதையும் பழகிக்கொண்டார். அவரும் இடது கையை வைத்துத் தட்டுவார்.

வலது கை இன்றுவரை முழுதாக வரவில்லை. இவர் இன்றுவரை வேலைக்குப் போகிறார். அல்ஹம்துலில்லாஹ்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கை ஒரு பக்கம் விழுந்துபோய், மூளையும் போய்விட்டது என்று நினைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறவர்கள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள். அவர்கள் வீட்டில் போய் இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது, படிப்பில்லாத பெண்பிள்ளை தெரியாமல் செய்தது, நாம் ஒழுங்குபடுத்திச் சொல்வோம் என்று வரிசையை மட்டும் மாற்றிவிடாதீர்கள். ஒருவர் நல்ல மனதோடு அப்படித் திருத்தி, ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டில் விளக்கே அணைந்ததுபோல் ஆகிவிட்டது. பி வலது கோடியில் இருக்கட்டும். நான் வைத்தது வைத்தபடியே போய்ச் சேரட்டும்.